பூவுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

விரல் நிறைய நிறத்தோடு வீட்டுக்கு வரும் என் கமலா அக்காவுக்கு,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. உன் தட்டை உடைத்தவன் நான்தான். உனக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்கும் தெரியட்டும்.

மாத்தளைப் பீங்கான் தொழிற்சாலையில் நீ பூ வரைந்தாய். நான் டெக்னிக்கல் காலேஜ் முடித்துவிட்டு, சுட்ட தட்டுகளில் குறை பார்த்துக் கழிக்கும் செக்கிங்கில் நின்றேன். டிசைன் அறையில் கிடந்த படப் புத்தகத்தில் அந்தச் சீனப் பேரரசியைக் கண்டுபிடித்தாய். பிள்ளைச் சக்கரவர்த்தியின் பெயரில் திரைக்குப் பின்னாலிருந்து ஆண்டவள். அரண்மனைப் பீங்கானில் சக்கரவர்த்தியின் முத்திரை தட்டின் அடியில்தான் இருக்குமாம். இவளோ தனக்குப் பிடித்த நீலப்பச்சையிலும் மஞ்சளிலும் பூவும் பறவையுமாகச் செய்யச் சொல்லி, தன் ஓவியக்கூடத்தின் பெயரைப் பூவுக்குப் பக்கத்திலேயே எழுத வைத்தாள்.

"மூஞ்சியிலயே போட்டுட்டாடா! நம்ம பேரு மட்டும் எங்கயுமே இல்ல," என்றாய்.

சாப்பாட்டு நேரத்தில் நீயும் ஒன்று வரைந்தாய். நீலப்பச்சைத் தட்டில் கொடிப்பூ, ஒரு மைனா, அருகே சிவப்பில் 'கமலா'. சூளையிலிருந்து அது என் மேசைக்கு வந்தது. கழித்த சாமான் வெளியே போகக் கூடாது, அங்கேயே உடைக்க வேண்டும். எங்கள் முறை அது.

"எந்த மார்க்கும் அடியில இருக்கணும். இது ரிஜெக்ட்."

"அப்ப அந்த ராணியையும் ரிஜெக்ட் பண்ணுவீங்களா, சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்தது. உடைத்தேன்.

எண்பத்து மூன்று ஜூலையில், தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரத்தில், நீ ஓடி ஒளிந்த துணிக்கடையை உன்னோடு சேர்த்து எரித்தார்கள். நம் வீட்டையும் எரித்தார்கள். உன் போட்டோ ஒன்றில்லை, நீ வரைந்து பழகிய ஒரு கொப்பி இல்லை. நீ வரைந்த தட்டுகள் எங்கெங்கோ மேசைகளில் இருக்கும். எது உன்னுடையது என்று யார் சொல்வது?

இப்போது தொழிற்சாலையில் நீங்கள் பூ வரைந்த மேசைகளை எடுத்துவிட்டார்கள். அச்சடித்த பூவை ஒட்டிச் சுடுகிறோம். நான் உன் தட்டைத் திரும்பச் செய்து பார்க்கிறேன். முதல் தட்டு கறுத்தது, அடுத்தது கொப்பளித்தது. போன கிழமை நிறம் சரியாக வந்தது. மைனாதான் செத்த கோழி மாதிரி இருந்தது.

இந்தத் தடவை உடைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ பேர எழுதிருடா. சாமிகிட்ட வச்சுக்கிறேன்."

"அவ வரைஞ்சதில்லம்மா."

"எனக்குத் தெரியாதா? ஏதாவது ஒண்ணு இருக்கட்டும்டா."

தூரிகையை எடுத்தேன். வைத்துவிட்டேன். அம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரியா, அக்கா?

இனி அம்மா எத்தனை தடவை கேட்டாலும், நீ தொடாத தட்டில் உன் பெயரை எழுத மாட்டேன். அம்மாவுக்கு ஒன்றுமே மிஞ்சாமல் போனாலும் சரி.

உன் கூடப்பிறந்தவன்,
ரவி