அமாவாசை வளைவு

இன்று மத்தியானம் காரின் பின்சக்கர அச்சுக்கு உன் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டேன். விரலில் ஒட்டிய வாசனை, சோறு சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் போகவில்லை. பக்கத்து அறையில் நீ ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டேன். சரி, இதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம், எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தச் சின்னக் கார்ப் பைத்தியம் முதலில் பிடித்தது எனக்குத்தான். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆகி, வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உன் கத்தரிக்கோலையும் டேப்பையும் இடம் மாற்றி வைத்து உன் உயிரை வாங்கிக்கொண்டிருந்த நேரம். திருவண்ணாமலை ரோட்டுப் பெயிண்டுக் கடைக்காரர் தன் கடை மாடியில் பெரிய பலகையில் நாலு தடம் வெட்டி, ஸ்லாட் கார் கிளப் என்று ஆரம்பித்திருந்தார். உள்ளங்கை அளவு கார். அடியில் ஒரு முளை, அது பலகையில் வெட்டிய பள்ளத்தில் இறங்கி ஓடும். பள்ளத்தின் இரண்டு ஓரத்திலும் கரண்டு பட்டை. கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கன்ட்ரோலர். விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். ஸ்டியரிங் கிடையாது.

"அவலூர்பேட்டை ரூட்ல இத்தினி வருஷம் ஓட்டுனவரு, உங்களுக்கு இதெல்லாம் ஒரு வண்டியா?" என்றார் கடைக்காரர். நானும் நம்பிவிட்டேன். விசையை முழுசாக அழுத்தினேன். முதல் வளைவிலேயே கார் பள்ளத்தைவிட்டுப் பறந்து, ஓரமாக இருந்த காலி டப்பாவுக்குள் விழுந்தது. "அவலூர்பேட்டை வண்டி டிப்போவுக்குப் போயிடுச்சி" என்று ஒருவர் சொல்ல, மாடியே சிரித்தது. ஒரு விபத்துகூட இல்லாமல் பஸ் ஓட்டியவன் நான். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரம் ஜீரணமாகவில்லை.

அந்த வளைவுக்குப் பெயரே அமாவாசை வளைவு. நேராக விரட்டிக்கொண்டு வந்து சட்டென்று மடங்க வேண்டிய இடம். நாலு காரும் அங்கேதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். மேல்மலையனூர் கோயிலின் அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

பிறகு நீ வந்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே கிளப்புக்குப் போனவன் மூன்று மணியாகியும் சாப்பிட வரவில்லை என்று, திட்டுவதற்காகவே மாடி ஏறினாய். திட்ட மறந்து, சுவரோரம் நின்று பார்த்தாய். என் கார் நாலாவது முறை பறந்தபோது வாயைத் திறந்தாய்.

"ஏங்க, வளைவு வர்றதுக்கு முன்னாடியே விரலை விட்டுட வேண்டிதுதான? கழுத்து வெட்டு திரும்புறப்ப மெஷின் பெடலை அழுத்திக்கினே இருந்தா துணி இன்னாத்துக்கு ஆவும்?"

கடைக்காரர் கிளப் காரையும் கன்ட்ரோலரையும் உன் கையில் கொடுத்தார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத நீ, நான் வேகமாக ஓட்டினால் பஸ்ஸிலேயே ஜெபமாலையைப் பிடித்துக்கொள்ளும் நீ, விழாமல் ஆறு சுற்று வந்தாய். வளைவுக்கு முன்னால் விட்டு, பாதி வளைவில் மெல்லத் தொட்டு, நேர்ப்பாதையில் அழுத்தி. நான் டயரைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு உனக்கும் ஒரு கார் வந்துவிட்டது, பச்சை. பெட்டியிலிருந்து எடுத்தபடி ஓட்டு, எதையும் மாற்றாதே என்று கடைக்காரர் சொன்னதை நீ கேட்டாய், நான் கேட்கவில்லை. நான் பெரிய மோட்டார் போட்டுப் பெரிதாக விழுந்தேன். நீ காரின் அடியில் கரண்டு வாங்குகிற செம்புப் பின்னலை ஊசியால் சிக்கெடுத்து வைத்துவிட்டு உன் பாட்டுக்கு ஓட்டினாய். கோட்டை மலையிலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று ஜன்னல் வழியே வந்து, வரிசையில் இருந்த உன் காரை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனது நினைவிருக்கிறதா? "அதுக்கே தெரிஞ்சிருக்குது, எது ஓடுற வண்டின்னு" என்றாய். நான் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிக்கவில்லை.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். பாண்டி கிளப்போடு பந்தயம், நம் கிளப்பிலிருந்து நாலு பேர் போகலாம். மூன்று பேர் தேறிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு நீயும் நானும். மூன்று நிமிஷத்தில் யாருக்கு அதிகச் சுற்றோ அவர்தான். முந்தின நாள் ராத்திரி சோறு போடும்போதே நீ சொல்லியிருந்தாய்: "என்னை இதுவரைக்கும் யாரும் எதுக்கும் பேர் குடுத்து அனுப்புனதில்லீங்க. போயிட்டு வந்தா நல்லாதான் இருக்கும்." அதைக் கேட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் முதலில் ஓட்டி இருபத்து நாலு சுற்று எடுத்தேன். பிறகு உன் முறை. கிளப்பின் வழக்கப்படி, ஓட்டாதவர்கள் வளைவுக்கு ஒருவராக நின்று, விழும் காரைப் பள்ளத்தில் எடுத்து வைக்க வேண்டும். எனக்கு அமாவாசை வளைவு. நீ இருபத்து மூன்று முடித்து, நேரம் கையில் வைத்துக்கொண்டு வந்தாய். அவசரத்தில் முதல் தடவையாக விரலை விடத் தாமதித்தாய். பச்சைக் கார் என் கைக்கு நேராக விழுந்தது.

நான் உடனே எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினேன். பிறகுதான் எடுத்து வைத்தேன். நீ இருபத்து நாலை முடித்து அடுத்த சுற்றின் கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் மணி அடித்துவிட்டது. சமமானால், விழாமல் ஓட்டியவருக்கே இடம் என்பது விதி. அதிசயமாக நான் அன்றைக்கு விழவில்லை.

படியிறங்கும்போது கேட்டாய்: "இன்னாங்க, கை மரத்துப்போச்சா?"

"வேர்வை. வழுக்கிடுச்சி."

நீ என் கையைப் பிடித்துப் பார்த்தாய். காய்ந்துதான் இருந்தது. அப்படியும் முந்தானையால் துடைத்துவிட்டாய்.

பாண்டிக்கு நீ மார்ஷலாக வந்தாய், வளைவில் நிற்க. புது டிராக்கில் நான் ஐந்து முறை விழுந்தேன், அதில் மூன்று உன் வளைவில். விழுந்தது எனக்கு உறைப்பதற்குள் கார் பள்ளத்தில் இருந்தது. அப்படியும் கடைசி இடம்தான். வரும்போது பஸ்ஸில் கேட்டேன், எப்படி அவ்வளவு வேகம் என்று. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "விழுந்தது யாரு காருன்னு பாக்கக் கூடாதுங்க. பாத்தா கை நின்னுடும்." வேறு யாராக இருந்தாலும் சண்டை போட்டிருப்பார்கள். நீ வேர்க்கடலை உரித்து என் கையில் கொடுத்தாய்.

அடுத்த வருஷம் நாலு பேரில் முதல் பெயர் உன்னுடையது. பாண்டியில் மூன்றாவதாக வந்து, அந்தச் சின்னக் கோப்பையை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாய். அதில் எனக்கு வந்த சந்தோஷம் கலப்படமில்லாதது, நம்பு. ஆனால் அந்த இரண்டு எண்ணிக்கையை நீ இருந்தவரை என் வாயால் சொல்லவில்லை. தப்பு செய்தேன். மன்னித்துவிடு.

போன ஞாயிறு மறுபடியும் பாண்டிக்கு ஆள் தேர்வு. கடைசி இடத்துக்கு நானும், புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் ஒருத்தியும். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததுகூட நானில்லை, தானாகவே வளைவுக்கு முன்னால் விரலை விடுகிறாள். நான் ஓட்டி முடித்து வளைவில் நின்றேன். என்னை முந்த அவளுக்கு ஒரு சுற்று பாக்கி இருக்கையில் அவள் கார் என் முன்னால் குப்புற விழுந்தது. எடுத்து வைத்தேன். அவள் முந்திவிட்டாள், நான் தோற்றேன்.

"சார், கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா நீங்கதான் போயிருப்பீங்க" என்று அவள் வந்து கையைக் குலுக்கினாள்.

"யாரு காருன்னு நான் பாக்கலம்மா" என்றேன்.

அது பொய். பார்த்தேன். அவள் கார்தான் என்று நன்றாகத் தெரிந்தது. பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. அதை உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.