பச்சை நைட்டிக்கு மட்டும் வரும் கோழிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல்தான்.

கூண்டிலேயே வளர்ந்த பதினோரு கோழிகளையும் நேற்று முதல்முறையாகத் தோட்டத்தில் திறந்துவிடச் சொன்னாள் முதலாளியம்மா. பொழுது சாய்ந்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. "எல்லாம் உன்னாலதான்" என்று என்மேல் பாய்ந்தாள். தினமும் தீனி போடும்போது நான் போட்டிருக்கும், நீ தைத்த பச்சை நைட்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கூண்டருகே நின்றேன். அந்தப் பச்சையைப் பார்த்ததும் பதினொன்றும் ஓடிவந்தன. உடனே பக்கத்து வீட்டுக்காரியிடம், "நான் பழக்கினது, சொன்னா கேக்கும்" என்கிறாள்! இரண்டு வருஷமாக என் பெயரைக்கூடக் கேட்காதவள்!

கூண்டுக் கம்பியில் மாட்டி நைட்டி கிழிந்துவிட்டது. அதே பச்சையில் இன்னொன்று தைத்து அனுப்பு. இந்த வீட்டில் என்னை அடையாளம் தெரிந்தவை அவை மட்டும்தான்.

இதோ, "ஏய், இங்க வா" என்கிறாள். போகிறேன்.

உன் மகள்