போகிக்கு வெள்ளையடிக்காத சுவர்

தாமு, என் கண்ணே,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. பகலில் பொன்னி என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. இப்போதும் தோளில்தான் கிடக்கிறாள், கீழே படுக்கப் போட்டால் மூச்சு இரைக்கிறது. ஒரு கை அவள் முதுகில், ஒரு கை காகிதத்தில். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உங்கள் கையெழுத்துப் பத்திரிகையின் கடைசி இதழைச் சேகர் மெட்ராஸில் இருந்தபடியே தயார் செய்கிறான். உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னான். உன்னைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை, உனக்கு எழுதத்தான் வருகிறது. உனக்குத் தெரிந்ததையும் நடுவே சொல்லுவேன். படிக்கிறவர்களுக்கு நம் மாடியைத் தெரியாதல்லவா?

மாடி போய்விட்டது தாமு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அது யாரால் போனது என்பதையும் சொல்லவேண்டும்.

மெட்ராஸில் ஓவியம் படித்து முடித்துவிட்டு, அங்கே ஒரு குளியலறை அளவு இடம்கூட வாடகைக்குக் கட்டுப்படியாகாமல் நீங்கள் மூன்று பேரும் ஊருக்குத் திரும்பிய வருஷம் நினைவிருக்கிறதா? உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வேர்க்கடலை மண்டியின் மாடி சும்மா பூட்டிக் கிடந்தது. நீயும் சேகரும் பயந்துகொண்டே போய்க் கேட்டீர்கள். டேவிட் வாசலிலேயே நின்றுவிட்டான். காலனியில் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளை அவன். ஓலைக் குடிசையில் ஆளுயரக் காகிதத்தை மாட்ட அவனுக்கு ஒரு சுவர் கிடையாது.

மண்டிப் பெரியவர் சிரித்தார் என்றாய். "வாடகைன்னு இன்னாத்தடா பெருசா குடுத்துடப் போறீங்க? எங்க நைனா கட்டின கட்டடம். வருஷா வருஷம் போகிக்குள்ள வெள்ளை அடிச்சி வெச்சிடுங்க. அது போதும் எனக்கு." ஆனாலும் வியாபாரி அல்லவா? பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். எழுதியது உன் கையெழுத்துத்தான்.

அந்த வெள்ளையடிப்பை நீ ஒரு திருவிழாவாகவே ஆக்கிவிட்டாய். மாடியின் நீளச் சுவரில் வருஷம் முழுக்க வரைவாய். சனிக்கிழமைகளில் கதவைத் திறந்து வைப்பீர்கள். வந்தவாசி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் படியேறி வந்து பார்ப்பார்கள். கோழிக்கூடையோடு வந்த அந்த அத்தையை மறக்க முடியுமா?

"இன்னாடா இது, நான்தானே? என் மூக்கு இம்மாம் பெருசாவா கீது?"

"பெருசுதான் அத்தை. சுவத்துல எடம் பத்தல, கொஞ்சம் கொறச்சிதான் போட்டேன்."

போகி வந்ததும் சுண்ணாம்பு வாளியோடு முதல் ஆளாக நிற்பதும் நீதான். "அய்யோ, அத்தையை அழிக்கிறியேடா" என்று நான் அடித்துக்கொள்வேன். "அவங்க இருந்தா அடுத்த ஆளு எங்க நிப்பாங்கக்கா?" என்பாய்.

படங்களுக்குக் கீழே பெயர் எழுதித் தரத்தான் நான் முதலில் வந்தேன். பி.ஏ. படித்த கையெழுத்து அழகாக இருக்கிறதாம். பிறகு பொன்னியைப் புடவைத் தூளியில் தூங்கப் போட்டுவிட்டு நானும் ஒரு மூலையில் வரைய ஆரம்பித்தேன். இந்த ஊரில் யாருக்கும் சோறு போடாமல் நான் சும்மா உட்காரக்கூடிய ஒரே இடம் அதுதான்.

கடைசியாக நீ வரைந்தது பஸ் ஸ்டாண்டை. டீக்கடை, கண்டக்டர், தரையில் உட்கார்ந்த பெண்கள், நடுவில் பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான். எல்லோருக்கும் முகம் போட்டுவிட்டு அவளுக்கு மட்டும் போடவில்லை. கேட்டதற்கு, "அவ மூஞ்சி இன்னும் முடிவாவலக்கா. பல்லு வரட்டும்" என்றாய். கார்த்திகையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள். பல் வந்தபோது நீ இல்லை.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது சேகரும் டேவிட்டும் சுண்ணாம்பு நீற்றிக் கொண்டுவந்தார்கள். வெள்ளையடிக்கும் மட்டையை வாளியில் நனைத்தார்கள். சுவரில் நீ தீட்டிய என் புடவைக்கரை அப்போதும் பச்சையாகவே இருந்தது. நான் நடுவில் போய் நின்றேன்.

"இப்ப வேணாம்ப்பா. பொன்னிக்கு இரைப்பு. சுண்ணாம்பு நெடி ஆகாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. அவளுக்குச் சரியாகட்டும், அப்புறம் அடிச்சிக்கலாம்."

எந்த டாக்டரும் சொல்லவில்லை தாமு. அவளுக்கு வெறும் சளி. இரண்டு பேரும் வாளியை ஓரமாக வைத்துவிட்டார்கள். குழந்தையைச் சொன்னால் யார்தான் எதிர்த்துப் பேசுவார்கள்?

பொங்கல் கழித்துப் பெரியவருக்குக் கைகால் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மண்டி மகன் கைக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டைப் பெரிதாக்கிக் கட்டப் போகிறார்கள், ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று அப்போதே பேச்சு. மாசியில் ஒரு நாள் அந்த மகன் மாடியேறி வந்தார். சுவரைப் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"படிச்ச பொம்பளதானேம்மா நீ? இதுல இன்னா எழுதிக்கீதுன்னு கொஞ்சம் படி, கேப்போம்."

படித்தேன். 'வருஷந்தோறும் போகிக்குள் வெள்ளையடித்து வைக்க வேண்டியது. தவறினால் உடனே காலி செய்து கொடுக்க வேண்டியது.' உன் கையெழுத்தை என் வாயாலேயே படிக்க வைத்தார்.

"நாளைக்கே அடிச்சிடறோம்ண்ணே" என்று சேகர் அவர் பின்னாலேயே படியிறங்கி ஓடினான்.

"போகி போயி எம்மாம் நாளாச்சு தம்பி? கீழ கடைங்க, மேல லாட்ஜு வரப்போவுது. அடுத்த போகிக்கு வா, லாட்ஜுக்கு அடிச்சிக்குடு."

வேறு இடம் தேடாமல் இல்லை. ரைஸ்மில்லில் கேட்டோம், பெயிண்ட் நாற்றம் அரிசியில் ஏறும் என்றார்கள். காலியாகக் கிடந்த ஒரு வீட்டைக் கேட்டோம். எல்லாம் பேசி முடித்தபிறகு, "அந்தக் காலனிப் பையனும் வருவானா?" என்று கேட்டுவிட்டுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருந்த இடமெல்லாம் கடையாகப் போகிறது என்று பூட்டி வைத்திருந்தார்கள். சேகர் சினிமா பேனர் வரைய மெட்ராஸுக்குக் கிளம்பிவிட்டான். அடுத்தவர் போட்ட கட்டத்துக்குள் வண்ணம் நிரப்புகிற வேலை. சாப்பாட்டுக்குக் குறைவில்லையாம்.

சாமான்களை ஏறக்கட்டிய அன்றைக்கு டேவிட்டும் நானும் மட்டும் இருந்தோம். அவன் தன் கரித்துண்டுப் படங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது பொய், தாமு வரைந்ததை அழிக்க மனசு வரவில்லை என்று.

அவன் கையிலிருந்த படத்தைச் சுருட்டிக் கயிறு கட்டினான். அப்புறம் நிமிர்ந்தான்.

"தாமு இருந்திருந்தா அவனே மொதல்ல அடிச்சிருப்பான்க்கா. உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்குச் சுவத்துல தாமு வேணும். எனக்குச் சுவரே வேணும்க்கா."

குரலை உயர்த்தவில்லை. என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. படங்களைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

பங்குனியில் கடப்பாறைக்காரர்கள் வந்தார்கள். முதலில் கூரையை எடுத்தார்கள், பிறகு தெருப்பக்கத்துச் சுவரை. இரண்டு நாள் உன் படம் நல்ல வெயிலில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவ்வளவு கூட்டம் உன் படத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். "அந்தக் கொழந்தைக்கு மூஞ்சியக் காணோமே" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

மூன்றாம் நாள் விடிகாலையில் பொன்னிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பொய் இல்லை, நிஜமாகவே. காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது எதிரே வெறும் வானம் தெரிந்தது. அவள் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேனே, அதனால்தான் அவளுக்கு வந்ததா தாமு? என் வீட்டுக்காரர், உன் மாமா, கேட்டால் படித்தவள் பேசுகிற பேச்சா என்பார். எந்தப் படிப்பு இந்தப் பயத்துக்கு மருந்து சொல்லித் தந்தது?

டேவிட் இப்போது ஏரிக்கரைப் பக்கம் கூலிக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். படங்களைக் கூரையில் செருகி வைத்திருக்கிறானாம். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் மழை வந்துவிடும்.

எங்கள் வீட்டின் பின்கட்டில் நெல் மூட்டை போடுகிற அறை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கச் சுவர் நல்ல நீளம். மூட்டைகளை நடையில் அடுக்கிவிட்டு அதை டேவிட் வரையக் கொடுக்கலாமா என்று உன் மாமாவிடம் கேட்டேன். "அம்மாவைக் கேள்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மாமியாரிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரிசி புடைத்தபடியே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் புள்ள வாசல் வழியா வருவானா, கொல்லப் பக்கமா வருவானா?"

குழந்தை அழுகிறாள் என்று உள்ளே போய்விட்டேன். அவள் அழவில்லை. மறுபடியும் அவளைத்தான் சாக்குச் சொன்னேன்.

விடிந்ததும் பதில் சொல்லிவிடுவேன். டேவிட் வாசல் வழியாகத்தான் வருவான். நம் வீட்டுச் செம்பில்தான் தண்ணீர் குடிப்பான். வீட்டில் என்ன ரகளை நடந்தாலும் சரி, நானே காலனிக்குப் போய் அவனைக் கூப்பிடுவேன். பொன்னிமேல் சத்தியம் செய்யப் பயமாக இருக்கிறது. உன்மேல் செய்கிறேன். உனக்கு இனிமேல் ஒன்றும் ஆகாது.

ஆனால் அவன் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தை என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. அவன் கோபம் தணிக்க உனக்குத்தான் தெரியும். எனக்கு அதை மட்டும் சொல்லு. சீக்கிரம் பதில் போடு தாமு.

உன் ஒரே அக்கா,
பத்மா