நான் சாயம் போட்டுக் கொடுத்த பெல்ட்

என் அன்பு வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை வாய்வார்த்தைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, அக்கா பையனுக்கு இரண்டு பல் முளைத்து முதல் கடி எனக்குத்தான் கிடைத்தது, அதெல்லாம் இருக்கட்டும். போன லீவில் நீ கொண்டுவந்து நான் சாயம் போட்டுக் கொடுத்தேனே உயரத்தில் வேலை செய்யும்போது இடுப்பில் மாட்டுகிற சிவப்பு பெல்ட், அதை மாட்டிக்கொண்டு இனி செல்போன் டவரில் ஏறாதே. ஒரு தடவைகூட ஏறாதே.

மூன்று வருஷம் வெயிலில் காய்ந்து வெளிர் ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது அது. உங்கள் மேஸ்திரி ஆகாது என்று கழித்துப் போட்டதை எடுத்து வந்து, "பழகின பெல்ட்டுப்பா, புதுசு இடுப்பை அறுக்குது, நீ கலரை மட்டும் ஏத்திக் குடு, அவருக்குத் தெரியவே தெரியாது" என்றாய். நானும் பெரிய இவன் மாதிரி, கலரைப் பார்த்துப் பலத்தைச் சொல்ல அவன் என்ன என்னை மாதிரிச் சாயக்காரனா என்று சிரித்தேன். கொதிக்கிற அண்டாவில் ஒரு மணி நேரம் போட்டு, நேற்றுதான் வாங்கியது போல எடுத்துக் கொடுத்தேன். அம்மா அப்போதே, "ஏங்க, அது சும்மா துணியில்ல, புள்ள உசுரு தொங்குற சாமான்" என்றாள். நான் எங்கே கேட்டேன்?

போன வாரம் பல் டாக்டர் தன் ஜன்னல் திரைகளைக் கொண்டுவந்தார், வெளுத்துப்போன நீலம். சாயம் ஜம்மென்று பிடித்தது. பிழியும்போது கண்ணாடியை ஒட்டித் தொங்கிய பாகம் ஈரக் காகிதம் மாதிரி கையோடு வந்துவிட்டது, உள்ளே மடித்துத் தைத்த ஓரம் மட்டும், வெயிலே படாத இடம், எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. இத்தனை வருஷமாகக் கிழிந்தால் பழசு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேனே தவிர யோசித்ததில்லை. வெயில் நிறத்தோடு நூலையும் தின்றிருக்கிறது, நான் நிறத்தை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். சட்டென்று உன் பெல்ட் ஞாபகம் வந்தது.

சாயம் பிடிக்கிறதா என்று பார்க்க அதன் நுனியில் ஒரு முழம் வெட்டி வைத்திருந்தேன், தேடி எடுத்தேன். விட்டத்தில் கட்டி, டிரம்மில் உன் எடைக்குத் தண்ணீர் ஊற்றி மாட்டினேன். தாங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அம்மா விடவில்லை, "விழுறவ மெதுவாவா விழுவா?" என்றாள். டிரம்மைக் கொஞ்சம் மேலே தூக்கி விட்டேன், பட்டென்று அறுந்தது. கடை முழுக்கத் தண்ணீர். இரண்டு பேரும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டோம்.

உன் போன் நாலு நாளாகக் கிடைக்கவில்லை. டவர் வேலை நடக்கிற மலையில் சிக்னல் இல்லையாம், வேறு சமயமென்றால் சிரித்திருப்பேன். உங்கள் ஆபீசில் "சொல்லிடறோம் சார்" என்றார்கள், சொன்ன தோரணையிலேயே நம்பிக்கை போய்விட்டது. அதனால் அங்கே வருகிற சாமான் வண்டி டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ மேலே இருந்தால் கூப்பிடவே கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், கூப்பிட்டால் குடுகுடுவென்று இறங்குவாய், உன்னை எனக்குத் தெரியாதா. முதலில் மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொல்லி, வேறு பெல்ட் மேலே அனுப்பி, நீ அதை மாட்டிக்கொண்டு இறங்கி, கால் தரையில் பட்ட பிறகுதான் கடிதம் உன் கைக்கு வர வேண்டும். மேஸ்திரியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். திட்டினால் வாங்கிக்கொள், வேலையே போனாலும் போகட்டும், தப்பு என்னுடையது.

அந்தப் பெல்ட்டை இரண்டாக வெட்டிவிடு. அப்படியே தூக்கிப் போட்டால், புதுசாக இருக்கிறதே என்று இன்னொரு வீட்டுப் பிள்ளை எடுத்து மாட்டிக்கொள்ளும். இரண்டு துண்டையும் அதே டிரைவரிடம் கொடுத்தனுப்பு, அதைக் கண்ணால் பார்க்கும்வரை எங்களுக்குச் சோறு இறங்காது. வேளைக்குச் சாப்பிடு. நூறு வயசுக்கு நன்றாக இருப்பாய் என் தங்கமே. இதை நீ படிக்கிறாய் என்றால் கீழேதான் நிற்கிறாய். அங்கேயே இரு.

இப்படிக்கு,
உன் அப்பா