சனிக்கிழமை எங்கே போகலாம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் கொஞ்சம் குடைச்சல். போனில் கேட்கலாம் என்றால் அது எப்போதும் உன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. நான் பேசும்போது பக்கத்திலேயே நின்று பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்கிறார். அதனால்தான் கடிதம்.

உனக்கு என்ன ஆயிற்று? பற்பசை தீர்ந்தால் டியூபைக் கத்தரித்துச் சுரண்டுகிற பிள்ளை நீ. திடீரென்று சனிக்கிழமைதோறும் எங்களை ஊர் சுற்றச் சொல்கிறாய். எங்கே போவது, எங்கே சாப்பிடுவது, எந்த மேசையில் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்பதுவரை எழுதி அனுப்புகிறாய். பிறந்ததிலிருந்து இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கே கடலைக் காட்டுகிறாயா? வேலை போய்விட்டதா? மருமகளோடு சண்டையா? பெரிதாக ஏதோ செய்துவிட்டு எனக்கு ஐஸ் வைக்கிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இருந்தாலும் போனோம். முதலில் கலங்கரை விளக்கம். மேலே ஏறினால் துறைமுகம் முழுவதும் தெரியும் என்று எழுதியிருந்தாய். தெரிந்தது, எனக்கு மட்டும். அப்பா கீழேயே நின்றுகொண்டு, "நீ பாத்துட்டு வா, நான் பையைப் பாத்துக்கறேன்" என்றார். பையில் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டிலும் குடையும். கிரேன் உச்சியில் உட்கார்ந்து ஆயுசு முழுக்கச் சம்பாதித்த மனுஷன், குடைக்குக் காவல் நிற்கிறார்! பிறகு நீ சொன்ன கடையில் சுட்ட மீன் சாப்பிட்டோம். மீன் நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். எலுமிச்சைத் துண்டைத்தான் ஊசியில் கோத்துவிடலாம்போல அவ்வளவு மெல்லிசாக வைத்திருந்தார்கள்.

மழுப்பாமல் பதில் எழுது.

உன் அம்மா

*

அன்புள்ள மகனுக்கு,

பதில் போடவில்லை நீ. அப்பாவைக் கூப்பிட்டு, அம்மா சந்தோஷமாக இருக்கிறாளா என்று விசாரித்தாயாம். கேள்வி கேட்டது நான். பதில் அவருக்குப் போகிறதா? இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ செய்கிறீர்கள்.

போன சனிக்கிழமை மீன் காட்சியகத்துக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எதிரே கண்ணாடித் தொட்டியில் கிழட்டு ஆமை ஒன்று. அதுவும் நகரவில்லை, இவரும் நகரவில்லை. நான் எல்லா மீனையும் பார்த்துவிட்டு வந்து கிளம்பலாம் என்றால், "அதுக்குள்ள என்ன அவசரம், ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டுப் போலாம்" என்கிறார். இனிப்பென்றால் முகம் சுளிக்கிறவர் கிண்ணத்தை வழித்து வழித்துச் சாப்பிட்டார். நடுநடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இல்லாதபோது வீட்டுக்குள் யாரோ வந்திருக்கிறார்கள். என் அளவு நாடாவை நான் எப்படிச் சுற்றுவேன் என்று உனக்குத் தெரியும். ஒன்று என்ற எண் வெளியே இருக்கும், இழுத்தவுடன் துணியில் வைக்கலாம். தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்தால் நாடா மாற்றிச் சுற்றிக் கிடக்கிறது. அதைத் தொடக்கூடாது என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், உன் காது இன்னும் மறந்திருக்காது. குளியலறையில் நமக்குப் பழக்கமில்லாத ஒரு சென்ட் வாசனை. பின்னறைத் திரைச்சீலை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தது. பூட்டு உடையவில்லை, ஒரு ஊசிகூடக் காணாமல் போகவில்லை. அப்பாவிடம் சொன்னால் எலியாக இருக்கும் என்கிறார். எந்த எலி ஜன்னலை அளந்து பார்க்கும்?

இன்னொன்று. இத்தனை வருஷமாக வீட்டைப் பூட்டுவது என் வேலை. இப்போதெல்லாம், "நீ மெதுவா இறங்கு, பூட்டை நான் பாத்துக்கறேன்" என்று என்னை முன்னால் தள்ளிவிடுகிறார்.

வீட்டை விற்கிற நினைப்பு உனக்கு இருந்தால் இப்போதே விட்டுவிடு. மேட்டில் இருந்தாலும் படி ஏறி என் வாசலுக்குத்தான் வருகிறார்கள் பெண்கள், துணியைத் தூக்கிக்கொண்டு. முன்னறையும் மிஷினும் அந்த வெளிச்சமும் இல்லாவிட்டால் நான் யார்? இந்த வீட்டைவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அம்மா

*

என் ராஜாவுக்கு,

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. இதிலிருந்து ஒரு வார்த்தைகூட அவர் காதுக்குப் போகக்கூடாது. சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

தீவுக்குப் படகில் போய்வரச் சொல்லியிருந்தாய். படகுத் துறைக்குப் போனால் கடல் கொந்தளிப்பு, சிவப்புக் கொடி ஏற்றிவிட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கொடியை இறக்கச் சொல்லி அந்த ஆளிடம் சண்டைக்கே போய்விட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் இழுத்தடித்தார். டீ குடிக்கலாம் என்றார், குடித்தோம். பழக்கடையில் நின்றார். கடைசியில் முடி வெட்டிக்கொள்ளவேண்டும் என்றார். அந்தத் தலையில் வெட்ட என்ன இருக்கிறது? சரி, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அவரை விட்டுவிட்டு நான் விறுவிறுவென்று படி ஏறினேன்.

வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு புரோக்கரும் ஒரு இளம் தம்பதியும். அந்தப் பெண் வாயும் வயிறுமாக நிற்கிறாள், கையில் என் நாடா. நான் வாயைத் திறப்பதற்குள் புரோக்கர், "வாங்கம்மா, நீங்களும் வீடு பாக்கத்தானே? இவங்க முந்திட்டாங்க, இருந்தாலும் பாருங்க" என்றார். சுவரில் என் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. அதில் இருப்பவளை இப்போது எனக்கே அடையாளம் தெரியாது, அவரைச் சொல்லி என்ன பயன்?

கத்த நினைத்தேன். அதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். நல்ல வெளிச்சம், நல்ல காற்று, வீட்டுக்காரர் தங்கமான மனுஷர் என்றார். "பாவம், அவருக்கு நெஞ்சுல கோளாறு. படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அந்தம்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. தெரிஞ்சா வீட்டை விக்க விடமாட்டாங்களாம்" என்றார்.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். உன் அப்பா பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தடுக்க ஏறவும் முடியாமல், இறங்கவும் மனசில்லாமல். தினமும் இந்தப் படியை என் பின்னால்தானே ஏறி வருகிறார்? நடுநடுவே நின்றுவிட்டு, செருப்பில் கல் என்பார், பூனையைப் பார்த்தேன் என்பார். ஊரிலுள்ள எல்லோரையும் சந்தேகப்பட்டேனே, அந்தக் கல்லைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே எனக்கு.

ஆமாம், வீடு பார்க்கத்தான் வந்தேன் என்று புரோக்கரிடம் சொன்னேன். என் வீட்டையே சுற்றிக் காட்டினார், நானும் பார்த்தேன். அந்தப் பெண் திரைச்சீலைக்காக ஜன்னலைக் கண்ணாடி அளவுக்கு மட்டும் அளந்துகொண்டிருந்தாள். சட்டத்துக்கு வெளியே பிடித்து அளக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்து, நாடாவைச் சரியாகச் சுற்றி அவள் கையிலேயே கொடுத்தேன். முன்னறையில் தொட்டில் போடலாமா என்று என்னைக் கேட்டாள். போடலாம், காலை வெயில் அந்த மூலைக்கு வராது என்றேன்.

கீழே இறங்கி வந்து, சாவி உங்களிடம் இருப்பதை மறந்து ஏறிவிட்டேன், மூட்டு வலிக்கிறது, வாருங்கள், இன்னொரு டீ குடிக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் விட்ட பெருமூச்சு உனக்கே கேட்டிருக்கும்.

அடுத்த சனிக்கிழமைக்கும் ஓர் இடம் சொல்லு. தூரமான இடமாக இருக்கட்டும், ஏறவேண்டிய இடமாக இருக்கவேண்டாம். சீக்கிரம் மூடாத கடையாகப் பார். கீழே சமதரையில் எங்களுக்கு வீடு பார்க்கும்போது முன்னறையில் வெளிச்சம் விழுகிறதா என்று மட்டும் பார்த்துவிடு.

அவராகச் சொல்லட்டும், நான் கேட்கமாட்டேன். சொல்கிற அன்றைக்கு நான் கத்துவேன், சாமான்களைப் போட்டு உடைப்பேன். உனக்குப் போன் செய்து அம்மா ரகளை பண்ணுகிறாள் என்று முறையிடுவார். பயந்துவிடாதே. நான் சும்மா இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நீ நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும். மருமகளிடம் எதையும் மறைக்காதே.

அம்மா