டொரொன்டோவுக்கும் கரைத்தீவுக்கும் நடுவே

ராத்தா,

முன்னிருக்கையின் முதுகில் உள்ள சின்னத் திரையில் ஒரு விமானப் படம் கடலின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. கொழும்புக்கு இன்னும் இவ்வளவு கிலோமீட்டர், இவ்வளவு மணித்தியாலம் என்று எண்கள் மெதுவாக இறங்குகின்றன. உங்கள் மகளின் கலியாணத்துக்கு வந்துகொண்டிருக்கிறேன். இடுப்பு வலிக்கிறது, கால் வீங்கிவிட்டது, தூக்கமும் வரவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் நான் கனடாவுக்குப் புறப்பட்டபோது, டொரொன்டோ எவ்வளவு தூரம் என்று கேட்டீர்கள். பதினாலாயிரம் கிலோமீட்டர் வரும், தோஹாவில் இறங்கி ஏற வேண்டும், அங்கே போய்ச் சேர ஒரு முழுநாள் போய்விடும் என்றேன். கிலோமீட்டரெல்லாம் உங்களிடம் எடுபடாது. "அத வுடு. எத்தன வக்துத் தொழுகை வானத்துல போகும்?" என்றீர்கள். கரைத்தீவிலிருந்து புத்தளம் டவுனுக்குப் போய்வருவதைக்கூட நண்பகல் லுஹருக்குப் போய்ப் பிற்பகல் அஸருக்குத் திரும்புவது என்றுதான் நீங்கள் கணக்கு வைத்திருந்தீர்கள். நான் விரல்விட்டு எண்ணிச் சொன்னதும், "அப்ப மேல கிப்லா எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி. தொழும்போது முகம் திருப்ப வேண்டிய மக்காவின் திசையை வானத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் அதுவரை யோசித்ததேயில்லை.

லீவில் வந்து களைப்பு என்று படுத்தால் சும்மா விடமாட்டீர்கள். "நோகாமக் கதிரைல குந்திக்கிட்டு வந்தவருக்குக் களைப்பாம். மன்னார்லருந்து கற்பிட்டிக்கு ஒன்ன மடில வச்சிக்கிட்டு, வள்ளத்துத் தண்ணிய அள்ளி அள்ளி ஊத்துனவ நான்." புலிகள் போகச் சொல்லி, முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டு வெளியேறிய அந்த நாளில் எனக்கு மூன்று வயது. உம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். எனக்கு அக்கா மட்டுமல்ல, உம்மாவும் நீங்கள்தான்.

சில வருடங்களுக்கு முன், நீங்கள் மௌத்தாகிப்போன செய்தி வந்தபோது டொரொன்டோவில் எனக்கு அந்தி, கரைத்தீவில் விடிகாலை சுபஹு. அன்றிரவே விமானத்தில் இடம் கிடைத்தது. ஆனால் நம்மவர்கள் மையித்தை வைத்திருப்பதில்லை, அன்றே அடக்கிவிடுவார்கள். உங்கள் கணவர் தொலைபேசியில் அழுதுகொண்டே கேட்டார்.

"தம்பி, நீங்க வாற வரைக்கும் வச்சிருக்கவா? ஒரு ராத்திரிதானே. நீங்க சொல்லுங்க."

வாப்பாவின் மையித்தைக் கொழும்பிலிருந்து வர வேண்டிய ஒருவருக்காகக் காக்க வைத்தபோது நீங்கள் எவ்வளவு கோபப்பட்டீர்கள் என்பது நினைவுக்கு வந்தது. "போறவங்கள மறிச்சி வைக்கக் கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்களே.

"வேணாம் மச்சான். அஸருக்குப் பொறகு அடக்குங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் பெட்டியில் துணிகளை அடுக்கினேன்.

தோஹாவில் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. தூரத்தில் இறந்தவருக்காகத் தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகைக்காக விமான நிலையத் தொழுகை அறையில் தனியாக நின்றேன். துப்புரவு வேலை செய்யும் பங்களாதேஷ்காரர் ஒருவர், யாருக்கு என்றுகூடக் கேட்காமல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

மறுநாள் காலை உங்களை அடக்கிய மையவாடிக்குப் போனேன். உங்கள் கப்ரின் மேல் தெளித்த தண்ணீர் காய்ந்திருந்தது. மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிட்டோம் தம்பி" என்றார். "ஓம்" என்றேன்.

நான் சொன்னது சரிதான், ராத்தா. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரில் ஒருவராவது என் பேச்சைக் கேட்காமல், "கொஞ்சம் பொறுங்க, அவன் வந்துருவான்" என்று சொல்லியிருக்கக் கூடாதா?