இரண்டு பாஷையிலும் கேட்டார்கள்

1999 ஆடி, செவ்வாய் இரவு

சாயங்காலம் எங்கள் கரும்புத் தோட்டத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆள் நின்றிருந்தான். பக்கத்து ஊர் நகரியில் பவர்லூம் வேலைக்கு வந்த வடக்கத்தி ஆளோ என்னவோ. “யார்ரா நீ?” என்று நைனா கேட்டார். “எவர்ரா நுவ்வு?” என்று தெலுங்கிலும் கேட்டார். அவன் வேறேதோ பாஷையில் அழுதான்.

“ரெண்டும் தெரியலன்னா திருடன்தான். இன்னாத்துக்குப் பேசிக்கினு?” என்றார் சித்தப்பா. இருவரும் மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். அவன் பல் தெறித்து வரப்பில் விழுந்தது. மோட்டார் ரூமில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். முனகல் இங்குவரை கேட்கிறது. அது நின்றுவிடக் கூடாது.

வேற்றுக்கிரகத்திலிருந்து யாராவது வந்தால் என்ன செய்வோம் என்று அறிவியல் டீச்சர் எழுதிவரச் சொல்லியிருக்கிறார். ‘அன்பாகப் பேசுவோம்’ என்று மத்தியானம் எழுதியிருந்தேன். இப்போது அழித்துவிட்டேன். அவர்களுக்கும் தமிழ் தெரியாது. தெலுங்கும் தெரியாது.